த்ரீ நாட் த்ரீயின் அங்க அடையாளங்கள்

லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் மரக்கட்டையும் எஃகும் சேரும் இடத்தில், போல்ட் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, தடித்த எஃகுப் பூண் ஒன்று இருக்கிறது. அதன் வலப்பக்கத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பினால் சில வரிகள் தெரியும். மேலே ஒரு கிரீடம். அதன் கீழ் ஜி.ஆர். என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். பிறகு என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., லித்கோ, இஷாப்பூர் என ஏதோ ஒரு தொழிற்சாலையின் பெயர். அடுத்து ஓர் ஆண்டு. கடைசியில் மாடலின் சுருக்கப் பெயர். பல ரைஃபிள்களில் அந்தப் பெயரை ஒட்டி ஒரு சிறு நட்சத்திரக் குறியும் இருக்கும்.

இந்த ரைஃபிள் நமக்கு அந்நியமானதல்ல. கருவூல வாசலில் காவல் நின்ற போலீஸ்காரரின் தோளில் தொங்கியது இதுதான். என்.சி.சி. மாணவர்கள் கவாத்துப் பழகியதும் இதை வைத்துத்தான். ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொன்னால் போதும், விளக்கம் கேட்காதவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். உத்தரப் பிரதேசக் காவல்துறை இதற்கு ஓய்வு கொடுத்ததே 2020-ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தில்தான். பழைய ஆயுதங்களை அடையாளம் காணும் கலையைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடப்பொருள் எனக்குத் தெரியவில்லை. கோடிக்கணக்கில் உற்பத்தியாகி, நான்கு கண்டங்களில் தயாராகி, பழுது பார்க்கப்பட்டு, பாகம் மாற்றப்பட்டு, மறுபடியும் முத்திரை குத்தப்பட்டு வந்த கருவி இது. ஒவ்வொரு கைமாறலும் எஃகில் ஏதோ ஒரு தடத்தை விட்டிருக்கிறது.

சேகரிப்பில் புதிதாக இறங்குபவர்கள் முதலில் தேடுவது வரிசை எண்ணைத்தான். எண்ணைப் பட்டியலில் பார்த்தால் பிறந்த ஆண்டு தெரிந்துவிடும், அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. வரிசை எண் ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மாடல் பெயர், ஆய்வாளர் முத்திரை, சோதனை முத்திரை, பாகங்களின் வடிவம், மேற்பூச்சு, எஃகின் தன்மை ஆகிய எல்லாமே தனித்தனிச் சாட்சிகள். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்போதுதான் ஒரு துப்பாக்கியின் அடையாளம் உறுதியாகிறது.

முதலில் பூணில் உள்ள வரிகளையே எடுத்துக்கொள்வோம். ஜி.ஆர். என்றால் மன்னர் ஜார்ஜ். எந்த ஜார்ஜ்? ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் 1936 முதல் 1952 வரை அரசாண்டார்கள். இருவருக்கும் ஒரே எழுத்துகள்தான். பக்கத்தில் ஆண்டு இல்லாவிட்டால் அந்த எழுத்துகளால் பயன் குறைவு. இ.ஆர். என்றிருந்தால் ஏழாம் எட்வர்டு. 1901 முதல் 1910 வரை. வி.ஆர். என்றால் விக்டோரியா. ஜி.ஆர்.ஐ. என்று மூன்றெழுத்து இருந்தால் அந்த ரைஃபிள் பெரும்பாலும் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் பிறந்தது. கடைசி எழுத்து ‘பேரரசர்’ என்பதைக் குறிக்கிறது. பிரிட்டனில் அவர் அரசர், இந்தியாவுக்குப் பேரரசர். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கிரீடம் போய் அசோகர் சிங்கங்கள் வந்தன. தொழிற்சாலையின் பெயர் ஆர்.எஃப்.ஐ. என்று சுருங்கியது. ஒரு நாட்டின் அரசியல் மாற்றம் சுண்டுவிரல் அகல எஃகுப் பரப்பில் பதிவாகியிருக்கிறது.

மாடலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வடிவமைத்த போல்ட்டும் பெட்டி மேகசினும் 1888-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் நுழைந்தன. 1895-இல் என்ஃபீல்டு தொழிற்சாலையின் குழல் சேர்ந்து லீ-என்ஃபீல்டு ஆயிற்று. காலாட்படைக்கு நீளக் குழல், குதிரைப்படைக்குக் குட்டைக் குழல் என்ற பிரிவினை வேண்டாம் என்று முடிவு செய்து, 25 அங்குலக் குழலுடன் ஒரே குட்டை ரைஃபிளை 1902-இன் கடைசியில் ஏற்றார்கள். அதன் முதிர்ந்த வடிவம் 1907-இல் வந்த மார்க் 3. முதல் உலகப் போர் நெருக்கடியில் சில பாகங்களைக் கழித்து எளிமையாக்கி 1916 ஜனவரியில் ஏற்கப்பட்டது மார்க் 3 நட்சத்திரம்.

அந்தச் சிறு நட்சத்திரத்தில்தான் சேகரிப்பாளரின் கண் நிற்க வேண்டும். மார்க் 3-இல் மேகசினுக்கு மேல் ஒரு தட்டையான எஃகுத் தகடு உண்டு. அதன் பெயர் கட்-ஆஃப். அதை உள்ளே தள்ளிவிட்டால் மேகசினில் உள்ள பத்துத் தோட்டாக்களும் மேலே வர முடியாது. வீரர் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். மேகசின் ஆபத்து நேரத்துக்கான இருப்பு. சிப்பாய்கள் தோட்டாவை வீணடிப்பார்கள் என்ற பழைய தளபதிகளின் பயத்தில் பிறந்த பாகம் அது. இதைத் தவிர, கட்டையின் இடப்பக்கத்தில் 2,800 கெஜம் வரை குறிபார்க்க ஒரு வட்டத் தகடும் இருந்தது. கண்ணுக்கே எட்டாத அந்தத் தூரத்தில் ஒரு படைப்பிரிவே சேர்ந்து குண்டு மழை பொழியும் என்பது 19-ஆம் நூற்றாண்டுக் கற்பனை. பின்குறியைக் காற்றுக்கேற்ப இடமும் வலமும் நகர்த்த ஒரு திருகும் இருந்தது. அகழிப் போர் தொடங்கியதும் இந்த மூன்றுக்கும் தேவை இல்லாமல் போனது. மூன்றையும் நீக்கினார்கள், நட்சத்திரம் சேர்ந்தது.

அப்படியானால் நட்சத்திரம் இருந்தால் கட்-ஆஃப் இருக்கக் கூடாது, இல்லையா? நடைமுறை அப்படி இல்லை. தொழிற்சாலைக் கிடங்கில் பழைய பாகங்கள் இருந்தவரை பொருத்திக்கொண்டே இருந்தார்கள். பழுதுபார்க்கும் பட்டறைகளில் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் போனது. ஆகவே 1917 என்று ஆண்டு குத்தப்பட்ட ஒரு ரைஃபிளில் கட்-ஆஃப் இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. தகடு நகர்வதற்கான பிளவு ரிசீவரில் தொழிற்சாலையிலேயே வெட்டப்பட்டதா, பிற்காலத்தில் யாரோ அரத்தால் அறுத்ததா என்று பார்க்க வேண்டும். ரிசீவர் என்பது குழலைத் தாங்கி, போல்ட்டுக்கு இடம் தரும் நடு உடல். இயந்திரத்தில் கடைந்த பிளவின் ஓரங்கள் ஒரே நேர்கோட்டில், ஒரே அகலத்தில் இருக்கும். அரம் போட்ட இடத்தில் ஓரம் உருண்டும் அகலம் மாறியும் இருக்கும். ஒரு பூதக்கண்ணாடியும் கைவிளக்கும் போதும்.

1926-இல் பிரிட்டிஷார் பெயரிடும் முறையையே மாற்றினார்கள். அதுவரை நீண்ட பெயரால் அழைக்கப்பட்ட இந்த ரைஃபிள் ‘நம்பர் 1’ ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் வந்த புதிய வடிவம் ‘நம்பர் 4’. நம்பர் 4-இல் போல்ட்டின் தலைப்பகுதி தனியாகக் கழன்று வரும். அதில் 0, 1, 2, 3 என்று ஏதோ ஓர் இலக்கம் இருக்கும். அதை மாடல் எண் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். உண்மையில் அது அளவு. தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி தேய்மானத்தால் கூடும்போது, அடுத்த அளவுத் தலையை மாட்டிச் சரிசெய்வார்கள். 3 என்று இருந்தால் அந்த ரைஃபிள் அதிகம் உழைத்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இனி வரிசை எண். லீ-என்ஃபீல்டில் எண் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ரிசீவரின் முன்வளையத்தில், குழலில், போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில், பின்குறித் தகட்டின் அடியில், குழல் முனையை மூடும் மூக்கு மூடியில், முன்கட்டை மரத்தில் என்று பல இடங்களில் அதே எண் குத்தப்பட்டிருக்கும். ஏன் இத்தனை இடம்? பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவை என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், போல்ட் மட்டும் அந்தந்த ரிசீவருக்குக் கையால் பொருத்தப்பட்டது. லீயின் வடிவமைப்பில் போல்ட்டைப் பூட்டும் இரண்டு முளைகளும் பின்பக்கத்தில் இருக்கின்றன. சுடும்போது பின்னோக்கி வரும் விசையை இரண்டும் சரிசமமாகத் தாங்க வேண்டும். ஒன்று மட்டும் தாங்கினால் ரிசீவர் ஒரு பக்கமாக இழுபடும், குறி தவறும், நாளடைவில் ஆபத்தும் வரும். அதனால்தான் இந்தப் போல்ட் இந்த ரிசீவருக்கு என்று எண் போட்டு முடிச்சுப் போட்டார்கள். மரமும் மூக்கு மூடியும் குழலை அழுத்தும் விதம் துல்லியத்தைப் பாதிக்கும் என்பதால் அவற்றுக்கும் எண். ‘எல்லா எண்ணும் பொருந்தியது’ என்று ஏலக் குறிப்புகளில் விலையை ஏற்றும் வாசகத்தின் வேர் இந்த இயந்திரவியலில் இருக்கிறது.

பட்டறையில் போல்ட்டை மாற்றியபோது, புதிய போல்ட்டிலிருந்த பழைய எண்ணை அடித்துவிட்டு ரிசீவரின் எண்ணை நம்பர் பஞ்ச் வைத்துக் குத்துவது ராணுவ ஆயுதப் பழுதுபார்ப்பாளர்களின் முறையான வழக்கம். ஆகவே அடித்துத் திருத்திய எண் இருந்தால் உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. அந்த ரைஃபிள் உண்மையாகப் பணியாற்றியதற்கான சான்றாகவும் அது இருக்கலாம். முழுமையாகப் புதுப்பித்த ரைஃபிளில் எஃப்.டி.ஆர். என்ற மூன்றெழுத்தும் புதுப்பித்த ஆண்டும் சேர்ந்திருக்கும். பிறந்த ஆண்டு 1918, மறுபிறப்பு 1945 என்று இரண்டு தேதிகள் ஒரே உடலில் நிற்பது இந்த ரைஃபிளில் சாதாரணம்.

எண்ணின் அமைப்பும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். பிரிட்டிஷ் ஆலைகளில் இலக்கம் ஒரு வரம்பைத் தொட்டதும் முன்னால் ஆங்கில எழுத்தைச் சேர்த்து மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணினார்கள். எழுத்தை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் குறித்துவந்தால் அந்தக் குறிப்பு எதற்கும் உதவாது. அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் செய்த நம்பர் 4 ரைஃபிள்களில் எண்ணின் நடுவே ‘சி’ இருக்கும். கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் ‘எல்’. ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கி வேறொரு வழி. ராணுவத்துக்குச் செய்தபோது ஆண்டுதோறும் 1-இலிருந்து தொடங்கி, பத்தாயிரம் முடிந்ததும் எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறிய எழுத்தைச் சேர்த்தார்கள். எனவே ஒரே எண்ணும் ஒரே எழுத்தும் கொண்ட இரண்டு லூகர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் இருக்க முடியும். ஆண்டு, ஆலை, எண், எழுத்து நான்கும் சேர்ந்தால்தான் ஒரு லூகருக்கு முழுப் பெயர்.

லூகரின் சிறு பாகங்களில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் குத்துவார்கள். எங்கோ கிடைத்த ஒரு பாகத்தை எடுத்துப் பொருத்தினால் அது தற்செயலாக ஒத்துப்போக நூற்றில் ஒரு வாய்ப்பு. மூன்று பாகங்கள் தற்செயலாக ஒத்துப்போக பத்து லட்சத்தில் ஒன்று. ஆக, எல்லாம் பொருந்தியிருந்தால் அது தற்செயல் இல்லை. ஒன்று பிறப்பிலேயே அப்படி, அல்லது யாரோ தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவதைக் கண்டுபிடிக்கக் கணக்கு உதவாது, மேற்பூச்சு உதவும். லூகரைச் செய்த மவுசர் ஆலை 1937-இன் நடுவில் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதற்கு முன் செய்த லூகர்களில் விசை, பூட்டு போன்ற சிறு பாகங்கள் வைக்கோல் நிறத்தில் மஞ்சளாக இருக்கும். எஃகை மிதமாகச் சூடாக்கும்போது அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. ஒளி அந்தப் படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பி, ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்களை அழித்துச் சிலவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. படலம் சற்றுத் தடித்தால் மஞ்சள் போய் ஊதா, நீலம் வரும். 1937-க்குப் பிறகு எல்லாப் பாகமும் கருநீலம். 1940-ஆம் ஆண்டு லூகரில் மஞ்சள் விசை பளபளத்தால், எண் பொருந்தினாலும் நான் நம்ப மாட்டேன்.

வரிசை எண்களிலிருந்து உற்பத்தியின் அளவையே கணிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் பாக எண்களைக் கொண்டு மாத உற்பத்தியைக் கணக்கிட்டார்கள். 1942 ஆகஸ்டில் உளவுத்துறை சொன்ன எண்ணிக்கை 1,550. புள்ளியியலாளர்கள் சொன்னது 327. போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களைத் திறந்தபோது கிடைத்த விடை 342. கணக்கு எளியது. கிடைத்த எண்களில் மிகப் பெரியதை எடுங்கள். அதை, கிடைத்த பொருள்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த ஈவை அதோடு கூட்டி, ஒன்றைக் கழியுங்கள். ஓர் அரிய மாடலில் ஐந்து துப்பாக்கிகள் மட்டுமே தெரியவந்துள்ளன, அவற்றில் மிகப் பெரிய எண் 7,985 என்று வைத்துக்கொண்டால், 7,985-ஐ ஐந்தால் வகுக்க 1,597. கூட்டி ஒன்றைக் கழிக்க 9,581. ஏறத்தாழ அத்தனை தயாராகியிருக்கலாம். எண்கள் 1-இலிருந்து இடைவெளி இல்லாமல் ஓடியிருந்தால் மட்டுமே இது செல்லும். எண்ணில் குறுக்கே எழுத்து வருவதும் ஆண்டுதோறும் தொடக்கத்துக்குத் திரும்புவதும் கணக்கைக் குழப்பும்.

ஓர் எண் உயிரையே காக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள் உதாரணம். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை. முதல் உலகப் போரின் காலத்தில் சில ஸ்பிரிங்ஃபீல்டுகளின் ரிசீவர்கள் சுடும்போது கண்ணாடி போல நொறுங்கின. நல்ல எஃகு அளவுக்கு மீறிய அழுத்தத்தில் வளையும், வீங்கும். துண்டு துண்டாகச் சிதறாது. விசாரித்தபோது கோளாறு உலைக்கூடத்தில் இருந்தது தெரியவந்தது. ரிசீவரைப் பதப்படுத்த அதைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். எவ்வளவு சூடு என்பதைத் தொழிலாளர்கள் நிறத்தைப் பார்த்தே தீர்மானித்தார்கள். பல ஆண்டு அனுபவம் உள்ள, கைதேர்ந்த ஆட்கள்தான். ஆனால் வெயில் பளீரென்று அடிக்கும் நாளில், காய்ந்த எஃகின் சிவப்பு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு ஏறவில்லை என்று நினைத்து மேலும் காய்ச்சுவார்கள். மேகமூட்டமான நாளில் அதே சிவப்பு பிரகாசமாகத் தெரியும்; சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். வெப்பமானி வைத்து அளந்தபோது, வெயில் நாளில் சரி என்று கண் சொன்ன சூடு, மேகமூட்டமான நாளில் சொன்னதைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிகமாக இருந்தது.

எஃகைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் உள்ளிருக்கும் படிகத் துகள்கள் பெரிதாகின்றன. சிறு துகள்கள் நிறைந்த எஃகில் ஒரு விரிசல் போக வேண்டுமானால் ஒவ்வொரு துகளின் எல்லையிலும் திசைமாறி, விசையை இழந்து இழந்துதான் போக வேண்டும். துகள் பெரிதானால் தடை குறைகிறது. விரிசல் நேராக ஓடிவிடுகிறது. வெளியே பார்த்தால் வேறுபாடு எதுவும் தெரியாது. அந்த ரிசீவர் சோதனைத் தோட்டாவையும் தாங்கிவிடலாம். பல ஆண்டு கழித்து ஒரு பழுதான தோட்டா வெடிக்கும்போது சிதறலாம்.

1918-இல் வெப்பமானிகளும் இருகட்டப் பதப்படுத்தலும் வந்தன. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507-க்குக் கீழும் எண் உள்ள ரிசீவர்கள் பழைய முறையில் செய்தவை என்று எல்லை வகுத்தார்கள். இந்த விபத்துகளைத் தொகுத்து எழுதியவர் அமெரிக்க ராணுவத்தின் ஜூலியன் ஹேட்சர். அந்த எல்லைக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ரைஃபிளும் கெட்டது என்பதில்லை. பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. எது நல்லது, எது கெட்டது என்று உடைக்காமல் பிரிக்க வழியில்லை என்பதுதான் சிக்கல். எனவே அந்த எண்ணுள்ளவற்றைச் சுடாதீர்கள் என்று இன்றுவரை எச்சரிக்கிறார்கள். இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டு குழலின் முனையில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். அது 1942 என்று இருப்பதைப் பார்த்து ரைஃபிள் புதிது, பயமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தேய்ந்த குழலை மாற்றியிருப்பார்கள். ரிசீவர் 1910-இல் காய்ச்சியதாகவே இருக்கும். தேதியைக் குழலில் படிக்கலாம், பாதுகாப்பை ரிசீவரின் எண்ணில்தான் படிக்க வேண்டும்.

லீ-என்ஃபீல்டுக்குத் திரும்பினால், அங்கும் தவறாகப் படிக்கப்படும் எண்கள் நிறைய. குழலில் ‘2.222’ என்றும் ‘18.5 டன்’ என்றும் குத்தியிருப்பதைக் கண்டு ரகசியக் குறியீடு என்று கதை கட்டுகிறார்கள். ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கியை பிரிட்டனில் பொதுமக்களுக்கு விற்கும் முன் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்து முத்திரை பெற வேண்டும். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்தின் அரச பட்டயம் 1637-ஐச் சேர்ந்தது. பர்மிங்காம் சாலை 1813-இல் வந்தது. 2.222 என்பது தோட்டா உறையின் நீளம், அங்குலத்தில். 18.5 டன் என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு அனுமதித்த அழுத்தம். அரசு உடைமையைக் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதிக்கொண்டிருந்தால், அரசு அதை விற்றுவிட்டது என்று பொருள். டி.பி. என்றிருந்தால் கவாத்துக்கு மட்டும், சுடத் தகுதியற்றது. இந்த இரண்டெழுத்தை அறியாமல் பழைய ரைஃபிளைக் கையில் எடுக்கவே கூடாது.

போலிகளில் புகழ்பெற்றவை கைபர் கணவாய்ப் பகுதியில், குறிப்பாக தர்ரா ஆதம் கேலில், கையால் செய்தவை. அரம், சுத்தி, சிறு உலை, இவற்றோடு ஒரு மாதிரித் துப்பாக்கி இருந்தால் அந்தக் கைவினைஞர்கள் அச்சு அசலாக இன்னொன்றைச் செய்துவிடுவார்கள். திறமையில் குறையில்லை, ஆங்கிலம் படிக்கத் தெரியாததும், நல்ல எஃகு கிடைக்காததும்தான் குறை. ‘என்’ என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நிற்கும். தொழிற்சாலைப் பெயரில் ஓரெழுத்து விடுபடும். 1901 ஜனவரியில் இறந்த விக்டோரியாவின் முத்திரை அதற்குப் பிந்தைய ஆண்டோடு சேர்ந்து நிற்கும். தொழிற்சாலையில் ஒரு முத்திரை முழுவதையும் ஒரே அச்சால் அடிப்பார்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே கோட்டில் நிற்கும். கையால் வெட்டியவற்றில் ஒவ்வொரு கோடும் தனித்தனி உளி வெட்டாகத் தெரியும்.

அழிக்கப்பட்ட எண்ணும் முழுதாக அழிவதில்லை. நம்பர் பஞ்சை வைத்துச் சுத்தியால் அடிக்கும்போது எஃகு பள்ளமாவதோடு நிற்காது; பள்ளத்துக்கு அடியிலும் படிக அடுக்குகள் நசுங்கி, வரிசை குலைகின்றன. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைவிட இந்தச் சிதைவு ஆழமானது. மேற்பரப்பைத் தேய்த்து மழுப்பினாலும் அடியில் நசுங்கிய பகுதி மிஞ்சும். நசுங்கிய எஃகு, நசுங்காததைவிட அமிலத்தோடு வேகமாக வினைபுரியும். தடயவியல் ஆய்வகத்தில் செப்பு குளோரைடு கலந்த அமிலக் கரைசலைத் துணியில் தொட்டுத் தடவும்போது, வெறும் பரப்பில் இலக்கங்கள் நிழலாக எழுந்து வருவது இதனால்தான். சில நேரம் சில நொடிகள் மட்டுமே தெரிந்து மறையும். புகைப்படக் கருவியைத் தயாராக வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், படிகங்களில் பட்டுச் சிதறும் எலக்ட்ரான்களைக் கொண்டே மழுப்பிய எழுத்துகளைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். தேய்ப்பவர் மேற்பரப்பைத்தான் தேய்க்கிறார். எஃகின் உள்நினைவு மிஞ்சுகிறது.

இஷாப்பூரின் ரைஃபிள்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்னும் சரியாக மதிக்கவில்லை என்பது என் குறை. முன்கட்டை மரத்தில், மேகசினுக்கு அருகே குறுக்காக ஓடும் ஒரு திருகைப் பாருங்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் சேர்த்த வலுவூட்டல் அது. சேகரிப்பாளர்கள் அதை ‘இஷாப்பூர் திருகு’ என்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்த ரைஃபிளில் அது இருந்தால், அந்த ரைஃபிள் இந்தியாவில் பணியாற்றிப் பழுதுபார்க்கப்பட்டது என்று அறியலாம். மேகசின் குழியை மரத்துண்டால் அடைத்திருந்தால் குழலுக்குள் எட்டிப் பாருங்கள். வரிச்சுழல் இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது காவல் பணிக்காக .410 அளவுக்கு மாற்றிய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. வெளித்தோற்றம் த்ரீ நாட் த்ரீதான். உள்ளே முற்றிலும் வேறு.

1962-இன் சீனப் போருக்குப் பின், நேட்டோவின் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக இஷாப்பூர் செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களைப் பழைய த்ரீ நாட் த்ரீயின் மாற்று வடிவம் என்று அமெரிக்கக் கடைகளில் விற்றிருக்கிறார்கள். அது பிழை. புதிய தோட்டாவின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க மேம்பட்ட எஃகில் தொடக்கத்திலிருந்தே புதிதாகச் செய்தவை அவை. பூணிலேயே ‘ரைஃபிள் 7.62 எம்.எம். 2ஏ1’ என்று எழுதியிருக்கிறது. மேகசின் பெட்டி போலச் சதுரமாக இருக்கும். 2ஏ1-இல் பின்குறியின் அளவுகோல் பழைய 2,000-இலிருந்து 800 ஆகக் குறைந்திருக்கும். இந்த மூன்றையும் பார்த்த பிறகு சந்தேகம் வரக் காரணமில்லை.

நம் நாட்டில் த்ரீ நாட் த்ரீ ராணுவ அளவு என்பதால் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்காது. உரிமம் பெற்றவர்களுக்காக இஷாப்பூர் .315 என்ற வேறு அளவில் செய்து விற்றது. ஆகவே இங்கே பெரும்பாலோர் இந்த அடையாளங்களைப் படிக்கப்போவது சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால்தான். ஆனால் தாத்தா விட்டுச்சென்ற உரிமத் துப்பாக்கி உள்ள குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைப் புதிதாக்குகிறோம் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கட்டையில் பித்தளை வில்லை இருந்தால் அதைப் புளி போட்டு விளக்காதீர்கள். படைப்பிரிவின் பெயரும் எண்ணும் அந்த வில்லையில்தான் இருக்கும். மங்கிய எண்ணைத் தெளிவாக்க மறுபடி குத்தவே கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, துப்பாக்கியின் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதையும் மாற்றுவதையும் போலியாகப் பொறிப்பதையும் தடை செய்கிறது. உரிமத்தைக் குடும்பத்தில் ஒருவர் பெயரில் முறையாகப் பெறுங்கள். முடியாவிட்டால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். ஒப்படைக்கும் முன், துப்பாக்கி காலியாக இருப்பதை விவரம் தெரிந்தவரை வைத்து உறுதிசெய்துவிட்டு, எல்லா முத்திரைகளையும் சாய்வொளியில் படமெடுத்து, எழுத்து, எண், நட்சத்திரம் எதுவும் விடாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.